ஆட்டுக் கிடையும் ஆகாயத்தாமரையும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



"நைட்ரஜன் சுழற்சியைப் படம் வரைந்து விளக்குக." இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூட நாளிலிருந்து நாம் எத்தனை முறை சந்தித்திருப்போம்! ஒரு மேகம், ஒரு மின்னல், ஒரு மரம், ஒரு பசுமாடு, சுற்றிலும் அம்புக்குறி. படம் போட்டால் ஐந்து மதிப்பெண். பரீட்சை முடிந்து ஹாலை விட்டு வெளியே வந்தால் படமும் நம்மை விட்டுப் போய்விடும்.

அந்தப் படத்தில் இருப்பது எந்த ஊர் மேகம்? யார் வீட்டு மாடு? புத்தகம் சொல்லாது. அது எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதியது. நான் அதே படத்தை நம் மதுரையையும் சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் வைத்து வரைந்து பார்த்தேன். மாட்டுக்குப் பதில் செம்மறி ஆடு. மேகத்துக்குப் பதில் ஐப்பசி மழை. ஏரிக்குப் பதில் கண்மாய். வரைந்து முடித்தபோது ஒன்று தெரிந்தது. புத்தகத்தில் வட்டமாகச் சுற்றும் அம்புக்குறி நம் ஊரில் வட்டமாக இல்லை. கிராமத்து மண்ணிலிருந்து கிளம்புகிற சத்து மதுரைச் சாக்கடையில் போய் நிற்கிறது, திரும்பி வருவதில்லை. அந்த அறுந்துபோன இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சக்தி போகும், பொருள் சுற்றும்

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். 'ஈகாலஜி' என்ற சொல்லை 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி உருவாக்கினார். அதன் மூலமான 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வீடு என்று பொருள். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். நம் பாடநூல்களில் அதைச் 'சூழ்நிலை மண்டலம்' என்கிறார்கள். உயிருள்ளவை மட்டும் சேர்ந்தால் அது சூழ்நிலை மண்டலம் ஆகாது. மண், நீர், காற்று, வெயில் என்று உயிரற்றவையும் சேர வேண்டும்.

ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். பாசியும் கோரையும் அல்லியும் வெயிலை வாங்கி உணவு தயாரிக்கின்றன. இவை உற்பத்தியாளர்கள். பாசியைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னும் விரால், விராலைத் தின்னும் நாம் ஆகியோர் நுகர்வோர். செத்ததையும் கழித்ததையும் பிரித்து மண்ணாக்கும் பாக்டீரியா, காளான், மண்புழு எல்லாம் சிதைப்பவர்கள். படத்தில் இவர்களை ஒரு மூலையில் பொடி எழுத்தில் எழுதுவோம். உண்மையில் கணக்குப்பிள்ளை இவர்கள்தான். இவர்கள் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தால் ஊரே நாறிப்போகும்.

இங்கே கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. சூரியனிடமிருந்து வரும் சக்தி ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே போகும். தின்றதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்கு உடம்பாகச் சேருகிறது; பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர் 1942-இல் வெளிவந்த தம் கட்டுரையில் ஓர் ஏரியை வைத்து இந்தச் சக்திக் கணக்கைப் போட்டுக் காட்டினார். சக்தி விருந்தாளி மாதிரி. ஒரு வழியில் வந்து இன்னொரு வழியில் போய்விடும். நாளைக்குப் புது விருந்தாளி வருவார். ஆனால் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற பொருள்கள் வீட்டுக்காரர்கள். புதிதாக யாரும் வரப்போவதில்லை. இருப்பதையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்த வேண்டும். இன்று நம் விரல் நகத்தில் இருக்கும் நைட்ரஜன் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஆட்டின் வயிற்றில் இருந்திருக்கலாம்.

கார்பனும் தண்ணீரும்

கார்பன் சுழற்சியை எல்லோரும் ஓரளவு அறிவோம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கரிமூட்டம் போடுவார்கள். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, புகைய விடுவார்கள். அந்த மரம் ஐந்தாறு வருடத்தில் காற்றிலிருந்து எடுத்த கார்பன், கரியாகி, டீக்கடை அடுப்பில் எரிந்து மீண்டும் காற்றுக்கே போகிறது. இது சின்ன வட்டம். மரம் மறுபடி துளிர்த்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தது. அதை எரித்தால் காற்றில் சேருவது பழைய இருப்பு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன்-டை-ஆக்ஸைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இரண்டும் புகைதான், ஆனால் ஒன்று கைமாற்று, மற்றது தீராத கடன்.

தண்ணீருக்கு வருவோம். சிவில் மாணவர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் பெய்கிறது என்றால் ஏக்கருக்கு 34 லட்சம் லிட்டர்! இதில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகவும் பயிர் வழியாகவும் மேலே போய்விடுகிறது. வைகை வருசநாட்டு மலையில் பிறந்து கிழக்கே ஓடுகிறது. அது போதாதென்று மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பியது 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணை. பென்னிகுக் பெயரை நம் பக்கம் குழந்தைக்கும் வைக்கிறார்கள். ஆவியாவதைத் தடுக்க 2017-இல் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியதும் உங்களுக்கு நினைவிருக்கும். சிரித்தவர்கள் சிரித்தோம். ஆனால் ஆவியாதல் என்ற பிரச்சினை நிஜம். அணையின் நீர்ப்பரப்பைச் சதுர மீட்டரில் எழுதிப் பார்த்தாலே எத்தனை அட்டை வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நைட்ரஜனும் எங்கள் அப்பாவும்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே இழுக்கிறோம், அப்படியே வெளியே விடுகிறோம். ஒரு துளிகூட உடம்பில் ஒட்டாது. காரணம், இரண்டு நைட்ரஜன் அணுக்களும் முப்பிணைப்பால் கெட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. கடல் நடுவில் நின்று தாகத்தில் தவிப்பவன் கதைதான் பயிரின் கதை.

இந்தப் பிணைப்பை உடைக்க இயற்கையில் இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று மின்னல். மற்றது சில பாக்டீரியாக்கள். உளுந்து, பாசிப்பயறு, துவரை, கொளுஞ்சி போன்ற செடிகளின் வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா முடிச்சுப் போட்டுக் குடியிருக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது செடிக்கு அம்மோனியா கொடுக்கும். பூப்பூக்கும் சமயத்தில் ஓர் உளுந்துச் செடியை மண்ணோடு மெதுவாகப் பெயர்த்து, வேரை அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. நம் ரத்தத்துச் சிவப்பைப் போன்ற ஒரு புரதம்தான் அங்கேயும் இருக்கிறது. லேபில் பைசா செலவில்லாத பரிசோதனை!

எங்கள் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கிடை ஆடு மேய்ப்பவர். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் எங்கள் ஊர். கிடை என்றால் தெரியாத நகரத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: அறுவடை முடிந்த வயலில் சாயங்காலம் வலையைச் சுற்றிக் கட்டி ஆடுகளை உள்ளே அடைப்பார்கள். குட்டிகளுக்குத் தனியே கூடு. ராத்திரி முழுக்க ஆடு அங்கேயே படுத்துப் புழுக்கை போடும், மூத்திரம் விடும். மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்து இடத்துக்கு மாற்றுவார்கள். இப்படியே வயல் முழுவதும் நகரும். இதற்கு வயல்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று பணமாகக் கொடுப்பார். நெல்லாக அளப்பவரும் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சாவூர் வரைக்கும் ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே போவார்கள்.

பாடத்தில் நைட்ரஜன் சுழற்சி நடத்தியபோது, 'நைட்ரஜன் உரத்தின் பெரும் இழப்பு அம்மோனியாவாக ஆவியாவது' என்று ஒரு வரி வந்தது. அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன்.

"யப்பா, கிடை போட்ட வயல எத்தன நாள்ல உழச் சொல்லுவீங்க?"

"மறுநாளே ஒரு சால் ஓட்டிரணும்டா. வெயில்ல காயவிட்டா மூத்திரத்துப் பலமெல்லாம் காத்தோட போயிரும். பெறகு என்னத்துக்குக் கிடை போட்டாங்கறேன்?"

"காத்தோட போறது எப்படித் தெரியும்?"

"வெயில் ஏற ஏறக் கிடை நாத்தம் மூக்கைத் துளைக்குதுல்ல. அதான் போகுது."

அந்த நெடிக்குப் பெயர் அம்மோனியா. அப்பாவுக்குப் பெயர் தெரியாது, மூக்குக்குத் தெரியும். ஆட்டு மூத்திரத்தில் இருக்கும் யூரியா மண்ணில் இருக்கும் நொதிகளால் சீக்கிரமே அம்மோனியாவாக உடைகிறது. மண்ணுக்குள் போய்விட்டால் நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரேட்டாகவும் மாற்றும். பயிர் விரும்பிச் சாப்பிடுவது இந்த நைட்ரேட்டை. மேலேயே கிடந்தால் பறந்துவிடும். 'ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்' என்று எங்கள் சம்சாரிகள் சொல்வதற்கும் இதுதான் அடிப்படை. ஆட்டுப் புழுக்கையில் நைட்ரஜன் அதிகம், நார்ப்பொருள் விகிதம் குறைவு. சீக்கிரம் மட்கிப் பயிருக்குப் போய்விடும். மாட்டுச் சாணம் மெதுவாகத்தான் கொடுக்கும்.

இதே யூரியாதான் கடையில் மூட்டையிலும் இருக்கிறது. 1828-இல் வோலர் என்ற ஜெர்மானியர் சோதனைச்சாலையில் அதைச் செய்து காட்டினார். பிறகு 1909-இல் ஹேபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரித்தார். 1913-இல் கார்ல் பாஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டு வந்தார். 400, 500 டிகிரி வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தமும் வேண்டும். உளுந்து வேரில் இருக்கும் பாக்டீரியா இதே வேலையை மண்ணின் சாதாரணச் சூட்டில் செய்துவிடுகிறது! தூத்துக்குடி ஸ்பிக் ஆலை வேலை செய்வதும் ஹேபர் வழியில்தான். யூரியாவை விஷம் என்று மேடையில் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோற்றில் இந்த ஆலை நைட்ரஜன் இருக்கிறது. அதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்பவர் யாரைப் பட்டினி போடுவது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. ஆட்டு எருவில் சராசரியாக 3 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால், ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமமாக 690 கிலோ எரு வேண்டும். ஒரு மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். 690 கிலோ எருவை ஆடு தன் காலால் நடந்து வந்து போடுகிறது. கூடவே பாஸ்பரஸ், பொட்டாசியம், மட்கு எல்லாம் கொடுக்கிறது. மூட்டையில் மட்கு கிடையாது.

ஆனால் இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆடு நைட்ரஜனை உண்டாக்குவதில்லை. இடம் மாற்றுகிறது. பகலில் புறம்போக்கில் மேய்கிறது, ராத்திரி பட்டா நிலத்தில் கழிக்கிறது. கண்மாய் உள்வாய், ஓடைக்கரை, தரிசு, சீமைக் கருவேலங்காடு ஆகியவற்றிலிருந்து சத்தை வயிற்றில் சுமந்து வந்து வயலில் இறக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் திட்டுகிற சீமைக் கருவேலமும் உளுந்தின் குடும்பம்தான். அதன் வேரும் நைட்ரஜனைப் பிடிக்கும். நெத்தை ஆடு தின்னும், வயலில் எருவாகும். கூடவே விதையும் விழுந்து முளைக்கும் என்பதால் கிடை போட்ட வயல்காரர் ஆவணியில் எங்கள் அப்பாவைத் திட்டுவதும் உண்டு! உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி 2017 வாக்கில் மாவட்டம் தோறும் கருவேலத்தை வெட்டினார்கள். வெட்டியது சரியா தப்பா என்பது பெரிய விவாதம். என் கேள்வி சின்னது: வெட்டிய இடத்தில் ஆடு மேய வேறென்ன வந்தது? எங்கள் ஊரைப் பொறுத்தவரை நட்டுக்கல் ஊன்றிய பிளாட்டுகள் வந்தன. மேய்ச்சல் நிலம் போனால் சுமக்கச் சரக்கு இல்லை. அப்பாவிடம் நூற்றுக்கு மேல் இருந்த ஆடுகள் இப்போது அறுபது. "நீ டிப்ளமா முடிச்சிட்டு ஒரு வேலையில ஒக்காந்துட்டா மிச்சத்தையும் வித்துருவேன்" என்கிறார். விற்றால் வாங்கப்போவது கறிக்கடைக்காரர்கள்தான். கிடை போடவென்று ஆடு வாங்க எங்கள் பக்கம் இப்போது ஆள் இல்லை.

கரம்பை மண்

நைட்ரஜனாவது காற்றிலிருந்து திரும்பி வரும். வயலில் தண்ணீர் நின்று காற்றோட்டம் இல்லாத சேற்றில் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உடைத்து மறுபடி நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். வட்டம் முடிந்தது. பாஸ்பரஸுக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் காற்றில் கணக்கு வைக்கும் அளவுக்கு வடிவமே கிடையாது. பாறையிலிருந்து மண், மண்ணிலிருந்து செடி, செடியிலிருந்து எலும்பு. பிறகு மழையில் அடித்துக்கொண்டு போய்க் கடலடியில் படிந்தால், அது மறுபடி பாறையாகி மேலே வரக் கோடி வருடங்கள் ஆகும். இந்தியாவில் ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ராவில் பாஸ்பேட் பாறை வெட்டுகிறார்கள். அது போதாமல் ஜோர்டான், மொராக்கோ நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. டி.ஏ.பி. விலை ஏன் வெளிநாட்டுச் சண்டைக்கெல்லாம் ஏறுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

கடலுக்குப் போகும் வழியில் இதைப் பிடித்து வைக்க நம் முன்னோர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதுதான் கண்மாய். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய், அது வழிந்தால் அதற்கடுத்தது என்று சங்கிலியாகக் கட்டியிருக்கிறார்கள். ஓடிவரும் தண்ணீர் கண்மாயில் நின்றதும் வேகம் குறையும். வேகம் குறைந்ததும் பொடிமண் கீழே படியும். பாஸ்பரஸ் பொடிமண்ணைத்தான் ஒட்டிக்கொண்டு வரும். ஆக, கண்மாயைத் தண்ணீர்த் தொட்டி என்று மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. அது பாஸ்பரஸ் வடிகட்டியும்கூட. கோடையில் வற்றியதும் அந்தக் கரம்பை மண்ணை வண்டி வண்டியாக வெட்டி வயலில் அடிப்பார்கள். எங்கள் அப்பத்தா அதைத் தலைக்குத் தேய்த்தும் குளிப்பார். வயலிலிருந்து கரைந்து போனது வயலுக்கே திரும்பும், கண்மாயும் ஆழமாகும். ஒரே வேலையில் இரண்டு பலன்.

வண்டிமாடு குறைந்து, உர மூட்டை வந்து, இடையில் மண் எடுக்க அனுமதி வாங்குவதும் பெரும்பாடாகி இந்தப் பழக்கம் விட்டுப்போனது. 2017-இல் குடிமராமத்துத் திட்டத்தோடு சேர்த்து விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. 2024-இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று எளிமையாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஜே.சி.பி. இறங்கினால் வண்டலோடு நிற்பதில்லை. அரையடி வண்டலுக்குக் கீழே இருக்கும் களிமண் கண்மாயின் அடித்தளம். அதையும் தோண்டினால் தண்ணீர் நிற்காது. எத்தனை அடி எடுக்கலாம் என்று லெவல் எடுத்துச் சொல்வது நம்மைப் போன்ற சிவில்காரர்கள் செய்ய வேண்டிய வேலை.

மதுரைக்கு வந்தது எங்கே போகிறது?

இப்போது நகரத்துக்கு வருவோம். தினமும் விடிவதற்கு முன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கத்தரியும் தக்காளியும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. அரிசி, பருப்பு, பால், கறி எல்லாம் வருகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி ஒரு படி மேலே போய் விமானமேறி வெளிநாட்டுக்குப் போகிறது. கூடவே நம் மண்ணின் சத்தும் கொஞ்சம் போகிறது. பூவிலாவது பணம் திரும்பி வருகிறது.

நாம் சாப்பிட்ட நைட்ரஜன் என்ன ஆகிறது? வளர்ந்து முடித்த மனிதன் உடம்பில் எதுவும் சேர்த்து வைப்பதில்லை. சாப்பிட்ட அளவு கழிப்பான். இந்தியர் ஒருவரிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 2.7 கிலோ நைட்ரஜனும் 0.4 கிலோ பாஸ்பரஸும் வெளியேறுவதாக நம் உணவுப் பழக்கத்தை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மதுரை மாநகரில் சுமார் 10 லட்சம் பேர். பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 27 லட்சம் கிலோ நைட்ரஜன். அதாவது ஏறக்குறைய 1,30,000 மூட்டை யூரியா! பாஸ்பரஸ் 4 லட்சம் கிலோ, டி.ஏ.பி. கணக்கில் சுமார் 40,000 மூட்டை. இவ்வளவும் நம் கக்கூஸ் வழியாகப் போகிறது. எங்கள் அப்பாவின் அறுபது ஆட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

போகிற இடம் அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்கள் என்றால் ஓரளவு பரவாயில்லை. அங்கே கரிமக் கழிவைச் சிதைத்து பி.ஓ.டி.யைக் குறைக்கிறார்கள். ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் முழுவதுமாகப் போவதில்லை என்பதை நாம் படித்திருக்கிறோம். குழாயில் சேராத கழிவுநீர் மழைநீர்க் கால்வாய்களில் இறங்கிவிடுகிறது. செல்லூரில் பந்தல்குடி கால்வாய் வைகையில் சேருகிற பக்கம் ஒரு தடவை நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சத்து இறங்கும் தண்ணீரில் முதலில் வருவது ஆகாயத்தாமரை. வண்டியூர் கண்மாயில் பார்த்திருப்பீர்கள். ஊதாப் பூ, பச்சைக் கம்பளம், தூரத்திலிருந்து பார்த்தால் போட்டோ எடுக்கத் தோன்றும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சத்தும் வெயிலும் தாராளமாகக் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். வெளிச்சத்தை மறைக்கும். அழுகும்போது பாக்டீரியா தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். இதைத்தான் புத்தகத்தில் 'மிகை ஊட்டம்' என்கிறார்கள். ஊட்டம் அதிகமாகிச் சாவது!

ஆக, ஆகாயத்தாமரையை வியாதி என்பதைவிட வரவு செலவுப் பேரேடு என்று சொல்லலாம். கத்தரி வயலிலிருந்து காணாமல் போன சத்து எங்கே இருக்கிறது என்று பச்சை மையில் எழுதிக் காட்டுகிறது. அதை அள்ளுவதற்கு அடிக்கடி இயந்திரம் இறக்குகிறார்கள். அள்ளுவதில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். லாரியில் தண்ணீரைத்தான் ஏற்றுகிறோம். கரை உள்பக்கமே குவித்துவிட்டால் அடுத்த மழையில் சத்து கரைந்து மறுபடி கண்மாய்க்கே போகும். கரைக்கு வெளியே பரப்பிக் காயவைத்து, சாணத்தோடு மட்கவைத்து, வயலுக்கு அனுப்பினால்தான் அம்புக்குறி திரும்பும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீர்நிலை என்றால் ஈயம், காட்மியம் இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் வயலில் போடக் கூடாது. இந்தச் செடி அவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பழைய காலத்தில் எல்லாம் சரியாகச் சுற்றியது என்று சிலர் எழுதுகிறார்கள். நகரத்து மலத்தை அள்ளி வயலுக்கு எருவாகக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அது யார் தலையில் சுமந்து போனது? ஒரு சில சாதியாரைப் பிறப்பால் அந்த வேலையில் தள்ளித்தான் அந்த வட்டம் சுற்றியது. 1993-இலும் 2013-இலும் அதைத் தடை செய்து சட்டங்கள் வந்தன. அப்படியிருந்தும் செப்டிக் டேங்கில் இறங்கி மூச்சுத்திணறி இறந்தவர்கள் பற்றிய செய்தி நின்றபாடில்லை. அங்கே ஆளைக் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு. கந்தகச் சுழற்சியில் வரும் அதே வாயு. அந்த வட்டம் திரும்ப வேண்டாம். மனிதக் கை படாமல் சத்தை மட்டும் திருப்பும் வழி வேண்டும்.

அதற்கு நம் பாடத்திலேயே ஒரு டிசைன் இருக்கிறது: இரட்டைக் குழிக் கழிப்பறை. நடுவில் ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து இரண்டு குழிக்கும் வழி. ஒரு வழியை அடைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றினால் போதும். நிறைந்த குழியை இரண்டு வருடம் மூடியே வைத்தால் கிருமிகள் செத்து, நாற்றமில்லாத கறுப்பு மண்ணாகிவிடும். அதை மண்வெட்டியால் யாரும் அள்ளலாம், வீட்டுக்காரரே அள்ளலாம்.

விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு இதை வரைந்து கொடுத்தேன். செங்கமங்கலாக இரண்டு வட்டம் போட்டுக் காட்டியதும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "கரிசல் மண்ணுடா, தண்ணிய உறிஞ்சாதே?" சரியான கேள்வி. கரிசலில் குழியைச் சுற்றி 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு மணலும் உடைகல்லும் போட்டு நிரப்ப வேண்டும், பக்கச் சுவரில் தேன்கூடு மாதிரி இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும், அடியில் பூசக்கூடாது. கிணற்றிலிருந்து பத்து மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, தொழுவத்துக்கு மேற்கே இடம் அளந்து முளை அடித்திருக்கிறோம். செங்கல் இறங்கிவிட்டது, உடைகல் வர வேண்டும்.